லோதித் தோட்டத்து மாடங்களும் மரங்களும்

நுழைவாயில்

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உன் சொந்த ஊர் எது?" என்பதே அக்கேள்வி. உங்களுள் சிலர் தஞ்சாவூர் என்பீர்கள். சிலர் திருநெல்வேலி என்பீர்கள். வேறு சிலர் தில்லி என்றே சொல்வீர்கள். எந்த விடையும் தவறன்று. ஆயினும், வீட்டில் பேசும் தமிழ் கோடை விடுமுறையில் செல்லும் ஊருக்கே உரியது, தில்லியின் தெருவிலும் பூங்காவிலும் அதற்கு வேலை இல்லை என்ற எண்ணம் உங்களுள் பலருக்கு இருக்கக்கூடும். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். நாம் ஆராயும் இடம் லோதித் தோட்டம். அங்குள்ள கலையையும் பூமரங்களையும் தமிழ்ப் பெயர் சொல்லிக் காண்போம்.

1. ஊர் தோட்டமான வரலாறு

புதுதில்லியில் லோதி சாலையை ஒட்டி, ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில் இத்தோட்டம் விரிந்துள்ளது. சையிது மரபினரும் லோதி மரபினரும் தில்லியை ஆண்ட 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இங்குப் பெரிய கல்லறை மாடங்கள் எழுப்பப்பட்டன. பிற்காலத்தில் அம்மாடங்களைச் சுற்றிக் கைர்ப்பூர் என்னும் சிற்றூர் வளர்ந்தது. 1936ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் வேறிடத்திற்கு அகற்றப்பட்டு, அந்நிலம் பூங்காவாக்கப்பட்டது. அன்றைய அரசப் பிரதிநிதியின் துணைவியார் பெயரால் அதற்கு 'லேடி வில்லிங்டன் பூங்கா' என்று பெயரிட்டனர். நாடு விடுதலை பெற்ற பின்னர் அது லோதித் தோட்டம் எனப் பெயர் மாறியது. 1968ஆம் ஆண்டில் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்னும் கட்டடக் கலைஞரும் காரட் எக்போ என்னும் நிலவடிவமைப்பாளரும் இத்தோட்டத்தைப் புதுப்பித்து வடிவமைத்தனர்.

இன்று நாம் அமர்ந்து உண்ணும் புல்வெளி, ஒரு காலத்தில் பிறர் வாழ்ந்த வீட்டு முற்றம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஊரைவிட்டு வேறிடம் சென்று வாழ்தல் இன்னதென்று உங்கள் பெற்றோர் அறிவர். எனவே இவ்வரலாற்றை அவர்களிடமும் சொல்லுங்கள்.

2. மாடங்களின் கலை

தோட்டத்தின் தென்பகுதியில், சிறு மேட்டின்மேல் முகம்மது ஷா சையிதின் கல்லறை மாடம் உள்ளது. இது 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. இம்மாடம் எட்டுப் பக்கங்களை உடைய எண்கோண வடிவினது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வளைவுகள் உள்ளன. நடுவில் உள்ள பெரிய குவிமாடத்தைச் சுற்றி, தூண்கள் தாங்கும் சிறு மண்டபங்கள் அமைந்துள்ளன. குவிமாடத்தின் உச்சியை உற்றுப் பாருங்கள்; அங்கே தாமரை வடிவத்தைக் காண்பீர்கள். நம் ஊர்க் கோயில் விமானங்களின் உச்சியிலும் கலசத்தின் கீழே தாமரை இதழ் வரிசை இருக்கும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சமயம் வேறாயினும் கல்தச்சர்கள் தாம் பழகிய மலரைத் தம் வேலையில் விட்டுவிடவில்லை.

தோட்டத்தின் நடுவே படா கும்பத் என்னும் பெரிய மாடமும், அதனை ஒட்டி ஒரு பள்ளிவாசலும் உள்ளன. அப்பள்ளிவாசல் 1494ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் வளைவுகளையும் சுவர்களையும் கொடிகளும் பூக்களும் அரபு எழுத்துகளும் அணிசெய்கின்றன. இவை கல்லிற் செதுக்கியவை அல்ல. சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே கீறியும் வடித்தும் உருவாக்கப்பட்டவை. இவ்வகை வேலைக்குத் தமிழில் 'சுதை வேலை' என்று பெயர். தமிழ்நாட்டுக் கோபுரங்களில் அடுக்கடுக்காய் நிற்கும் உருவங்களையும் சுதைச் சிற்பங்கள் என்றே அழைக்கிறோம். கோபுரத்தில் தெய்வ உருவமாக நின்ற அதே சாந்து, இங்கு எழுத்தாகவும் கொடியாகவும் படர்ந்திருக்கிறது.

படா கும்பத்தின் எதிரில் நிற்பது ஷீஷ் கும்பத். 'ஷீஷ்' என்பது கண்ணாடியைக் குறிக்கும். 'கும்பத்' என்பது குவிமாடத்தைக் குறிக்கும். ஒரு காலத்தில் இதன் புறச்சுவரில் பதித்திருந்த நீல நிற மெருகோடுகள் கண்ணாடிபோல் மின்னின. அவற்றுட் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. எஞ்சியவற்றை நெற்றிப் பட்டைபோல் மேற்பகுதியில் காணலாம். காலை வெயில் படும்போது அந்நீலம் இன்றும் ஒளிர்கிறது.

ஷீஷ் கும்பத்தை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அடுக்குக் கட்டடம்போல் தோன்றும். உள்ளே சென்றாலோ ஒரே உயர்ந்த கூடமாக இருக்கும். அங்கே நின்று அண்ணாந்து பார்த்து, ஒரு வினாவை எழுப்புங்கள்: சதுரமான அறையின்மேல் வட்டமான குவிமாடத்தை எவ்வாறு அமர்த்தினார்கள்? அதற்கான விடை அறையின் நான்கு மூலைகளிலும் உள்ளது. ஒவ்வொரு மூலையிலும் குறுக்காக ஒரு வளைவைக் கட்டினால், நான்கு பக்கச் சதுரம் எட்டுப் பக்க வடிவமாகிறது. அதன்மேல் மீண்டும் அவ்வாறே செய்தால் பதினாறு பக்கங்கள் உண்டாகின்றன. பதினாறு பக்க வடிவம் வட்டத்தை நெருங்கிவிடுகிறது. அதன்மேல் குவிமாடம் அமர்கிறது. கணக்கு வகுப்பில் நீங்கள் வரையும் வடிவியல், இங்குக் கல்லும் சாந்துமாக ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது.

தோட்டத்தின் வடபகுதியில், மதில் சூழ்ந்த முற்றத்தினுள் சிக்கந்தர் லோதியின் கல்லறை மாடம் உள்ளது. அவர் மறைந்த ஆண்டு 1517. அதன் அருகே, 'எட்டுக்கால் பாலம்' என்று பொருள்படும் அட்புலா உள்ளது. அக்பர் காலத்தில் கட்டப்பட்ட இப்பாலம் எட்டுத் தூண்களும் ஏழு வளைவுகளும் உடையது.

3. மாதந்தோறும் பூக்கும் மரங்கள்

மாடங்களை எந்நாளிலும் காணலாம். பூமரங்களையோ அவற்றின் பருவம் அறிந்தே காண வேண்டும். தில்லியின் பூமரங்களை இந்திப் பெயரால் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கீழே காண்க.

பிப்ரவரி – மார்ச்சு: சேமல் – இலவு
பிப்ரவரி – மார்ச்சு: கச்னார் – மந்தாரை
ஏப்ரல்: நீம் – வேம்பு
மே – ஜூன்: அமல்தாஸ் – சரக்கொன்றை
மே – ஜூன்: குல்மோகர் – செம்மயிற்கொன்றை
அக்டோபர் – நவம்பர்: சப்தபர்ணி – ஏழிலைப்பாலை

இலவு: குளிர் நீங்கும் காலத்தில் இம்மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளில் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கும். ஐந்து இதழ்களை உடைய அப்பூ உள்ளங்கை அளவு பெரியது. தடித்த இதழ்களை உடையது. அதன் தேனை நாடி மைனா, காகம், கொண்டைக்குருவி, அணில் ஆகியவை வந்து மொய்க்கும். பூக்காலம் முடிந்ததும் பச்சைக் காய்கள் தோன்றும். அவை முற்றி வெடிக்கும்போது உள்ளிருந்து பஞ்சு பறக்கும்.

'இலவு காத்த கிளி போல' என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காய் பழுக்கும், உண்ணலாம் என்று ஒரு கிளி காத்திருந்ததாம். காய் பழுக்கவில்லை, வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிட்டதாம். வீண் எதிர்பார்ப்பை இப்பழமொழி உணர்த்தும். பொருள் தெரிந்தும் மரம் தெரியாமல் இப்பழமொழியைச் சொல்வோர் பலர். உங்களுக்கோ மரமும் கிளியும் ஒருங்கே கிடைத்துள்ளன. லோதித் தோட்டத்து மாடங்களின் சுவர்ப் பொந்துகளில் பச்சைக்கிளிகள் கூடு கட்டி வாழ்கின்றன. மார்ச்சு மாதத்தில் அவை இலவ மரத்தில் வந்து அமர்வதை நீங்களே காணலாம்.

மந்தாரை: இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த மலர்களைக் கொண்ட சிறு மரம் இது. இதன் இலை நடுவில் பிளவுபட்டு, இரண்டு இலைகள் ஒட்டிப் பிறந்தனபோல் இருக்கும். வட இந்திய வீடுகளில் இதன் மொட்டைக் கறியாகச் சமைப்பர். வாழைப்பூவும் முருங்கைப்பூவும் நம் வீட்டுச் சமையலில் இடம்பெறுவது போன்றதே இதுவும். தமிழ்நாட்டில் ஆத்தி என்றொரு மரம் உண்டு. பிளவுபட்ட இலையை உடைய அதுவும் மந்தாரையின் இனத்தைச் சேர்ந்ததே. ஆத்தி மலர் சோழ மன்னரின் குடிப்பூவாகும். ஔவையாரின் ஆத்திசூடிக்குப் பெயர் தந்ததும் அம்மலரே.

வேம்பு: இதன் பூ மிகச் சிறியது, வெண்ணிறமானது. மரத்தடியில் நின்றால் மணத்தால்தான் அதை அறிவோம். தில்லியில் வேம்பு பூக்கும் காலமும் சித்திரைப் பிறப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. புத்தாண்டு நாளில் உங்கள் இல்லத்தில் வேப்பம்பூப் பச்சடி செய்வார்களாயின், பூவைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தெருவோர வேம்பின் கீழே தூய துணியை விரித்து வைத்தால், உதிரும் பூவே போதுமானது.

சரக்கொன்றை: மே மாத வெயிலில் பிற மரங்கள் வாடி நிற்கும்போது, இம்மரம் பொன்னிறப் பூங்கொத்துகளைச் சரம்சரமாகத் தொங்கவிடும். சிவபெருமான் சூடும் மலர் கொன்றை என்பது நம் மரபு. சங்கப் புலவர்கள் கொன்றையைக் கார்காலத்தின் அடையாளமாகப் பாடினர். குறுந்தொகைப் பாடல் ஒன்றின் செய்தியை அறிந்துகொள்ளுங்கள். கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லித் தலைவன் பிரிந்து சென்றான். கொன்றை பூத்ததைக் கண்ட தலைவி, பருவம் வந்தும் அவன் வரவில்லையே என்று வருந்தினாள். தோழியோ, இது கார்காலம் அன்று என்றும், பருவம் தவறிப் பெய்த மழையைக் கார் என எண்ணிக் கொன்றை அறியாமையால் பூத்துவிட்டது என்றும் கூறித் தேற்றினாள். தில்லியில் கொன்றை மழைக்கு முன்னரே, கடுங்கோடையில் பூக்கிறது. ஆதலால் பாட்டில் கற்ற பருவத்தை இங்குள்ள மரத்தின்மீது ஏற்ற வேண்டா. மரத்தைப் பார்த்துப் பருவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் புலவர்களும் அவ்வாறு பார்த்தே பாடினர்.

செம்மயிற்கொன்றை: தீக்கொழுந்து போன்ற பூக்களை உடைய இம்மரத்தின் தாயகம் மடகாசுகர் தீவு. ஏப்ரலில் நீல ஊதாப் பூக்களைச் சொரியும் ஜகரண்டா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கிருந்தோ வந்த இம்மரங்கள் இம்மண்ணில் வேரூன்றி, இவ்வூரின் கோடைக்கு அழகு சேர்க்கின்றன. ஜகரண்டாவிற்குப் பழந்தமிழ்ப் பெயர் கிடையாது. புதிய மரத்தை அதன் பெயராலேயே தமிழிலும் வழங்குகிறோம்.

ஏழிலைப்பாலை: ஒரு கணுவில் ஏழு இலைகள் வரை சக்கரம்போல் சூழ்ந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. தீபாவளியை ஒட்டிய இரவுகளில் தில்லித் தெருக்களில் வீசும் கடுமணம் இம்மரத்தின் பூவிலிருந்து வருவது. சிலர் அம்மணத்தை விரும்புவர்; சிலர் தலை வலிக்கிறது என்பர். நீங்களே முகர்ந்து முடிவு செய்யுங்கள்.

4. கொன்றைச் சாலையும் ஓவியரும்

தோட்டத்தை அடுத்து அம்ரிதா ஷெர்கில் மார்க் என்னும் சாலை உள்ளது. கோடையில் அதன் இருமருங்கும் கொன்றை பூத்து, சாலை முழுவதும் மஞ்சள் விரித்தாற்போல் காட்சியளிக்கும். அச்சாலை ஓர் ஓவியரின் பெயரைத் தாங்கியுள்ளது. அம்ரிதா ஷெர்கில் 1913ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அவருடைய தாயார் அங்கேரி நாட்டவர். தந்தையார் பஞ்சாபைச் சேர்ந்தவர். பாரிசில் ஓவியம் பயின்று இந்தியா திரும்பிய அவர், அசந்தாவின் சுவரோவியங்களைக் கண்டு வியந்தார். தெற்கே குமரிமுனை வரை பயணம் செய்தார். அப்பயணத்தின் பயனாக 1937ஆம் ஆண்டில் 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய ஓவியங்கள் பிறந்தன. 1941ஆம் ஆண்டில், தம் 28ஆம் வயதில், அவர் லாகூரில் மறைந்தார்.

இரு நாட்டு மரபில் பிறந்து, பல ஊர்களில் வளர்ந்த ஒருவர், தாம் கண்ட தென்னாட்டு மக்களின் கருநிறத்தையும் வெள்ளாடையையும் அமைதியையும் வண்ணத்தில் நிலைநிறுத்தினார். பிறந்த இடத்தின் உரிமையால் அன்று. கூர்ந்து பார்த்ததனால் அம்மக்கள் அவருக்கு நெருக்கமாயினர். தில்லி இந்தியா கேட்டை அடுத்துள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்கள் பலவற்றைக் காணலாம்.

5. பார்க்கும் முறை

பூங்காவில் கலையையும் மலரையும் நுகர்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், ஓரிடத்தில் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பார்ப்பவர்க்கு எல்லா மரமும் ஒரே மரமாகவே தோன்றும். இரண்டாவதாக, பெயரைக் கேட்டறியுங்கள். தோட்டக்காரரிடம் இந்தியில் கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடம் தமிழில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர் ஊருக்கு ஊர் மாறுபடலாம். அதையும் எழுதி வையுங்கள். மூன்றாவதாக, மீண்டும் செல்லுங்கள். ஒரு முறை பார்த்தது காட்சி. பல முறை பார்த்ததே பழக்கம்.

மாடங்களின் சுவரில் ஆணியாலும் கரித்துண்டாலும் தம் பெயரைக் கீறி வைப்போர் சிலர் உண்டு. ஐந்நூறு ஆண்டுச் சுதையை ஒரு நொடியில் சிதைக்கலாம். அதை வடித்த கையை மீண்டும் அழைக்க இயலாது. தொல்சின்னங்களைச் சேதப்படுத்துவது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். பூக்கொத்தைக் கோலால் அடித்து உதிர்ப்பதும் தகாது. உதிர்ந்த பூவை எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தனர். ஐந்தும் மலர் அல்லது மரத்தின் பெயர்களே. தாம் வாழும் நிலத்தை அங்கு வளரும் செடிகொடிகளால் அறிந்த மொழி நம் மொழி. அம்மொழியைப் பேசும் நீங்கள், நீங்கள் வாழும் நிலத்தையும் அவ்வாறே அறியலாம். இலவு என்று சொல்லி இலவைக் காணும்போது, தமிழ் லோதித் தோட்டத்திலும் உங்களுடன் நடக்கிறது. இனி எவரேனும் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், ஊரின் பெயரோடு நிறுத்தாமல், அங்கே எந்த மாதத்தில் எந்த மரம் பூக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொற்பொருள்

குவிமாடம் – கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவுடைய கூரை
சுதை – சுண்ணச் சாந்து
மெருகோடு – பளபளப்பு ஏற்றிச் சுட்ட ஓடு
எண்கோணம் – எட்டுப் பக்கங்களை உடைய வடிவம்
கார்காலம் – ஆவணி, புரட்டாசி மாதங்கள், மழைப்பருவம்
குடிப்பூ – அரச மரபினர் தம் அடையாளமாகச் சூடும் பூ

அறிந்துகொள்வோம்: மலரின் ஏழு பருவங்கள்

அரும்பு – அரும்பும் நிலை
மொட்டு – மொக்கு விடும் நிலை
முகை – முகிழ்க்கும் நிலை
மலர் – மலரும் நிலை
அலர் – மலர்ந்த நிலை
வீ – வாடும் நிலை
செம்மல் – வதங்கும் நிலை

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லோதித் தோட்டம் அமைவதற்கு முன் அங்கிருந்த சிற்றூரின் பெயர் யாது?
2. ஷீஷ் கும்பத் அப்பெயர் பெற்றதன் காரணம் யாது?
3. ஏழிலைப்பாலை என்பதன் பெயர்க்காரணத்தை எழுதுக.
4. ஆத்தி மரத்திற்கும் மந்தாரைக்கும் உள்ள ஒற்றுமை யாது?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. சதுர அறையின்மேல் குவிமாடம் அமைக்கும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
2. குறுந்தொகைத் தோழி கொன்றையைப் பற்றிக் கூறியது யாது? தில்லிக் கொன்றை அதனின்றும் எவ்வாறு வேறுபடுகிறது?
3. 'கூர்ந்து பார்த்ததனால் அம்மக்கள் அவருக்கு நெருக்கமாயினர்' – இத்தொடரை உம் சொந்த நடையில் விளக்குக.

இ. பொருத்துக.
1. சேமல் – ஏழிலைப்பாலை
2. அமல்தாஸ் – வேம்பு
3. சப்தபர்ணி – இலவு
4. நீம் – சரக்கொன்றை

ஈ. 'இலவு காத்த கிளி போல' என்னும் பழமொழியை அமைத்துச் சொந்தத் தொடர் ஒன்று எழுதுக.

உ. கோடிட்ட இடத்தை மலரின் பருவப் பெயரால் நிரப்புக.
1. கச்னார் மரத்தின் ________ கறியாகச் சமைக்கப்படுகிறது.
2. வாடும் நிலையில் உள்ள பூவிற்கு ________ என்று பெயர்.

ஊ. செயற்பாடு
உங்கள் வீட்டருகே அல்லது பள்ளி வளாகத்தில் உள்ள மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓராண்டுக் காலம், மாதத்தின் முதல் நாளில் அதனைப் பார்த்து, இலை, அரும்பு, மலர், காய், வந்தமரும் பறவை ஆகியவற்றை ஏட்டில் குறியுங்கள். அம்மரத்திற்கு உங்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் பெயரையும், அண்டை வீட்டார் வழங்கும் பெயரையும் முதற்பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டு நிறைவில் அவ்வேட்டை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.